கடலுக்குள்ளே கறண்ட்

நிமலினிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று அவளுடைய வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் நிமலினிதான்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு அவளுக்கு எப்போதும் நல்ல புள்ளி. ஆனால் புள்ளி வாங்குவது வேறு, வாயைத் திறந்து பேசுவது வேறு. எழுதும்போது ஒழுங்காக வந்து நிற்கிற சொற்கள், பேசப் போனால் கோழிக்குஞ்சுகளைப் போலச் சிதறி ஓடிவிடும்.

ஆகவே லண்டனிலிருந்து சித்தப்பா றஜீபனும் அவருடைய மகன் ஜெனிஸ்ரனும் நெடுந்தீவுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"தம்பிக்குத் தமிழ் கொஞ்சம்தானாம்," என்றார் அம்மா மேரிசுகந்தி. "நீதான் அவனோட இங்கிலிசில கதைக்கவேணும்."

"எனக்கு ஏலாது அம்மா!"

"ஏன் ஏலாது? போன தவணை வகுப்பில முதலாவதா வந்தனீ தானே?"



ஜெனிஸ்ரன் அவளை விட ஒரு வயது இளையவன். படகு ஆடிய ஆட்டத்தில் முகம் வெளிறி, இறங்குதுறையில் தள்ளாடியபடி வந்து நின்றான். நிமலினி மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த வரவேற்பு வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, பசிக்குது."

சுத்தமான தமிழ்! நிமலினியின் பயம் அந்த இடத்திலேயே பாதி கழன்று விழுந்தது.

போகப் போக அவனுடைய தமிழ் எப்படிப்பட்டது என்று அவளுக்கு விளங்கியது. சாப்பாட்டுச் சொற்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். நித்திரை, குளிப்பு, உடுப்பு தெரியும். ஏச்சு வாங்குகிற சொற்கள் அத்தனையும் அத்துப்படி. மற்றவை எல்லாம் மூடுபனிதான். அவளுடைய ஆங்கிலமும் கிட்டத்தட்ட அப்படியே. இருவரும் இரண்டு மொழியையும் சோறும் கறியும் போலப் பிசைந்து பேசிக்கொண்டார்கள். மிஞ்சியதற்குக் கையும் காலும் இருந்தன.

ஜெனிஸ்ரனுக்குத் தீவில் எல்லாமே அதிசயம். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெட்டைவெளியில் மேய்ந்த குதிரைகளைக் கண்டு, "இதுக்கெல்லாம் ஆர் சொந்தக்காரர்?" என்று கேட்டான். ஒருவருமில்லை என்றதும், நெடுநேரம் அவற்றை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு மிகவும் பிடித்தது கடல்தான். லண்டனில் நீச்சல் தடாகத்தில் நீந்திப் பதக்கங்கள் வாங்கியவன் அவன்.

ஒரு நாள் காலை கரையொதுங்கிய சிப்பி, சோகி பொறுக்கப் போவதாக இருவரும் புறப்பட்டார்கள். முற்றத்தில் படகின் இயந்திரத்தைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் நிமலினியின் அப்பா லியோன்.

"கல்லுக்கரைப் பக்கமோ போறியள்? தண்ணிக்க இறங்கவேண்டாம்," என்றார் நிமலினியிடம் மடமடவென்று. பிறகு ஜெனிஸ்ரனையும் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "தம்பி, இண்டைக்கு நீரோட்டம் பலம். விளங்கினதோ?"

ஜெனிஸ்ரனின் முகம் மலர்ந்தது. "ஓம் பெரியப்பா. தாங்க் யூ!"

'நல்ல பிள்ளை, சொன்னதும் விளங்கிக்கொண்டான்,' என்று நினைத்தார் லியோன். நிமலினியும் அப்படித்தான் நினைத்தாள். இதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய வேலை தனக்கு மிச்சம் என்று அவளுக்குப் பெரிய நிம்மதி.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற சித்தப்பா றஜீபனும் அவர்களோடு வந்தார். ஆனால் கரையில் ஒரு பூவரச மரத்தடியில்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே போனதும் லண்டனில் இருக்கிற சித்தியோடு பேசத் தொடங்கிவிட்டார். சிக்னல் அசைகிற பக்கமெல்லாம் அவரும் அசைந்தார். கொஞ்ச நேரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கடல் அன்று கண்ணாடி போல இருந்தது. அலை இல்லை, நுரை இல்லை. அடியில் கிடக்கிற கல்லைக்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. ஜெனிஸ்ரன் தண்ணீரின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தான். பிறகு நல்ல நீச்சல்காரன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"அக்கா, இங்க கறண்ட் இருக்கா?"

சோகி பொறுக்கிக்கொண்டிருந்த நிமலினி நிமிர்ந்து பார்த்தாள். கறண்டா? இந்தக் கடற்கரையிலா? ஒரு மின்கம்பம்கூடக் கிடையாதே! லண்டன் பிள்ளைக்குக் கைபேசியில் சார்ஜ் குறைந்துவிட்டதாக்கும் என்று எண்ணிச் சிரித்தாள்.

"நோ, நோ! நோ கறண்ட்!" என்று கையை விரித்துக் காட்டினாள்.

"ஷுவர்?"

"ஷுவர்!"

எவ்வளவு அழகாக ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு குனிந்து இன்னொரு சோகியை எடுத்தாள். 'தொப்' என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது கரையில் அவனுடைய சட்டையும் உடம்பு துடைக்கக் கொண்டுவந்த மஞ்சள் துவாயும்தான் கிடந்தன.

"ஜெனிஸ்ரன்! வெளியில வா!"

அவன் தலையைத் தூக்கிக் கையசைத்தான். மறுபடி நீந்தினான். மீனைப் போல அழகாகத்தான் நீந்தினான். ஆனால் அவன் எந்தப் பக்கம் நீந்தினாலும் தெற்குப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

அவனுக்கும் அது விளங்கிவிட்டது. திரும்பினான். தான் இறங்கிய இடத்தை, நிமலினி நிற்கிற இடத்தைப் பார்த்து நேரே நீந்தத் தொடங்கினான். கையை வீசி வீசி அடித்தான். அடித்தும் கரை கிட்ட வரவில்லை. தூரந்தான் கூடியது.

"சித்தப்பா! சித்தப்பா! ஓடி வாங்கோ!"

காற்று எதிர்ப்பக்கம் வீசியது. மரத்துக்கு அப்பால் சித்தப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

குதிக்கலாமா? நிமலினிக்கும் நீந்தத் தெரியும். ஆனால் குதித்தால் தண்ணீர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.  அவள் தண்ணீரையே பார்த்தாள்.

இந்தக் கரையில் தவறி விழுகிற எதுவும் எங்கே போய் ஒதுங்கும் என்று அவளுக்குத் தெரியும். மிதவையானாலும் சரி, பந்தானாலும் சரி, கற்களைத் தாண்டித் தெற்கே இருக்கிற மணல் வளைவுக்குத்தான் போகும். போன வருடம் அவளுடைய ஒற்றைச் செருப்பையும் அங்கேதான் எடுத்தாள். தண்ணீர் அங்கே கரைப்பக்கமாகத் திரும்பும். ஆனால் ஜெனிஸ்ரன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவன் அக்காவைப் பார்த்துத்தான் நீந்தினான். அக்கா நிற்கிற இடந்தான் அவனுக்குக் கரை.

'அப்ப நான் இங்க நிக்கக்கூடாது,' என்று அவளுக்குப் பட்டது.

மஞ்சள் துவாயை எடுத்தாள். அதைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, கரை வழியே தெற்குப் பக்கம் ஓடினாள். கால்களைக் கல் குத்தியது. அவள் நிற்கவில்லை.

"ஜெனிஸ்ரன்! லுக்! லுக் மீ! கம் ஹியர்!"

இலக்கணம் சரியா பிழையா என்று அந்த நேரம் அவள் யோசிக்கவே இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

தண்ணீருக்குள் தவித்துக்கொண்டிருந்த ஜெனிஸ்ரன் அவள் ஓடுவதைக் கண்டான். அக்கா என்னை விட்டுவிட்டு ஓடுகிறாளா? இல்லை, துவாய் அவனை வா வா என்று கூப்பிடுகிறதே! அவன் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் திரும்பினான். திரும்பியதும் உடம்பு இலேசாகியது. எதிர்த்துத் தள்ளிய தண்ணீரே இப்போது அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் செய்யவேண்டியிருந்தது கரைப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குவது மட்டுந்தான்.

கற்களைத் தாண்டினான். மணல் வளைவு வந்தது. நிமலினி முழங்கால் தண்ணீரில் நின்று துவாயின் ஒரு முனையை அவனை நோக்கி வீசினாள். முதல் தரம் தவறியது. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டான்.

அவள் கத்திய கத்து ஒருவழியாகக் கேட்டு சித்தப்பா வந்து சேர்ந்தபோது, இரண்டு பேரும் மணலில் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா மகனை அள்ளி மடியில் வைத்துத் தலையைத் தடவினார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

"பெரியப்பா எவ்வளவு தெளிவாச் சொன்னவர்! நீ ஓம் எண்டு தலையாட்டினாயே!"

ஜெனிஸ்ரன் நடுங்கிக்கொண்டே சொன்னான். "அவர் நான் ஸ்ட்ரோங் எண்டு தானே சொன்னவர்?"

"என்னது?"

"நீர் ஓட்டம் பலம். நீர் எண்டா யூ. ஓட்டம் எண்டா ரண். நீர் நல்லா ஓடுவீர், நீர் ஸ்ட்ரோங். அதுதான் தாங்க் யூ சொன்னனான்."

சித்தப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. "டேய், நீர் எண்டா தண்ணியடா!"

"தண்ணி எண்டாத்தான் தண்ணி. நீர் எண்டா அம்மா. நீங்கள் அம்மாவை, 'நீர் எங்க போறீர், நீர் சாப்பிட்டீரோ' எண்டு தானே கேக்கிறனீங்கள்?"

சித்தப்பாவுக்குக் கோபம் போய்விட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

நிமலினி மட்டும் சிரிக்கவில்லை. பழி முழுவதும் 'நீர்' என்ற சொல்லின் தலையில் விழுந்துவிட்டது. அவள் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் ஜெனிஸ்ரன் 'ஷுவர்?' என்று கேட்டது அவளுடைய காதிலேயே நின்றது.

"சித்தப்பா, பிழை என்ரையும்தான்," என்றாள். "இறங்க முதல் தம்பி என்னட்டைக் கேட்டவன், இங்க கறண்ட் இருக்கோ எண்டு. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஆனா ஏன் அவன் கறண்டைப் பற்றிக் கேட்டவன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. இங்க வயர்கூட இல்லையே?"

இப்போது வாய் பிளப்பது ஜெனிஸ்ரனின் முறை.

"வயரா? அக்கா, கறண்ட் எண்டா தண்ணி ஓடுறது! கடல் ஓடுறது!" இரண்டு விரலால் மணலில் ஓடிக் காட்டினான்.

நிமலினிக்கு இப்போதுதான் விளங்கியது. அப்பா சொன்ன நீரோட்டமும் தம்பி கேட்ட கறண்டும் ஒன்றேதான். ஒரே ஆபத்தை ஒருவர் தமிழில் சொன்னார், ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். தமிழில் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை, ஆங்கிலத்தில் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை!

"அப்ப வீட்டில லைற் எரியிற கறண்ட்?"

"அதுவும் கறண்ட்தான். சேம் வேர்ட்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா பலமுறை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.  அப்பா நிமலினியின் காலில் கல் கிழித்த காயத்தைத் தானே கழுவி மருந்து போட்டார். மத்தியானம் மீன் குழம்பின் பெரிய நடுத்துண்டு அவளுடைய சோற்றுக் கோப்பையில் விழுந்தது. வழக்கமாக அது அப்பாவுக்குப் போகிற துண்டு.

"நீ குதிக்காமல் ஓடினாய் பார், அதுதான் மூளை, மோனை," என்றார் அப்பா. 

ஆனால் நிமலினியின் தலைக்குள் அந்தச் சொல்தான் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

சாயந்தரம் இரண்டு பேரும் பூவரச மரத்தடிக்குப் போனார்கள். ஜெனிஸ்ரன் கைபேசியில் தேடினான். சிக்னல் வரும்போது வாசித்தான். போகும்போது இருவரும் மரத்தைச் சுற்றினார்கள்.

"லத்தீன் பாசையில 'குர்ரேரே' எண்டு ஒரு சொல் இருந்ததாம் அக்கா. அதுக்கு மீனிங், ஓடுறது."

"பேந்து?"

"அது பிரான்ஸுக்குப் போய், பிறகு இங்கிலாந்துக்கு வந்ததாம். முதல்ல ஆற்றுத் தண்ணி, கடல் தண்ணி ஓடுறதுக்குத்தான் சொன்னவையாம். பிறகு கன காலம் போய் மின்சாரத்தைக் கண்டுபிடிச்ச ஆக்கள், அதுவும் தண்ணி மாதிரி உள்ளுக்க ஓடுது எண்டு நினைச்சவையாம். அதனால தண்ணியின்ர பேரையே அதுக்கும் குடுத்திட்டினம்."

நிமலினி சட்டென்று எழுந்து நின்றாள்.

"பொறு, பொறு! எங்கட விஞ்ஞானப் பாடத்தில அதுக்கு என்ன பேர் தெரியுமோ? மின்னோட்டம்! கடலில ஓடினா நீரோட்டம், கம்பியில ஓடினா மின்னோட்டம்! தமிழிலயும் ரெண்டும் ஓடுது!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கோ தூரத்துச் சொந்தக்காரரைச் சந்தையில் திடீரென்று கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அதோடு அந்தச் சொல் நிற்கவில்லை. இப்போது நடக்கிற காரியங்களுக்கும் ஆங்கிலத்தில் கறண்ட் என்றுதான் பெயராம். ஓடிக்கொண்டிருக்கிற காலம் என்று பொருளாம்.

"நாங்கள் 'நடப்பு ஆண்டு' எண்டு சொல்லுவம்," என்றாள் நிமலினி. "உங்கட காலம் ஓடுது. எங்கட காலம் ஆறுதலா நடக்குது."

கறன்சி என்ற சொல்லும் அதே குடும்பந்தான் என்று வாசித்தான் ஜெனிஸ்ரன். கைக்குக் கை ஓடுவதால் காசுக்கு அந்தப் பெயர். வீட்டில் அதைச் சொன்னபோது சித்தப்பா பெருமூச்சு விட்டார். "லண்டனில அது ஓடுற வேகம் எனக்குத் தெரியும்."

"கேக்குக்குள்ள போடுற கறுப்பு வத்தலும் கறண்ட்தான்," என்றான் ஜெனிஸ்ரன்.

"அதுவும் ஓடுமோ?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லைப் பெரியம்மா, அது வேற சொல். ஒரு எழுத்து மாறும். கொரிந்து எண்ட ஊரின்ர பேரில இருந்து வந்ததாம். அந்த முந்திரிகை வத்தல் அங்க இருந்துதான் வந்ததாம்."

"எது, கோவில்ல பைபிள் வாசிக்கேக்க வாற அந்தக் கொரிந்தியரின்ர ஊரோ? பாரன், எங்கட கேக்குக்குள்ள அவையும் இருந்திருக்கினம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நிமலினிக்கு ஆச்சரியமாக இருந்தது. பரீட்சைக்குப் பாடமாக்கித் தள்ளிய மொழி இது. அதிலே ஒரு சொல்லைத் திறந்தால் உள்ளே இத்தனை பேர் குடியிருக்கிறார்களே!

மறுநாள் அவள் அப்பாவிடம் ஒரு பலகை கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"கல்லுக்கரையில வைக்க. வெளியில இருந்து வாற ஆக்களுக்குத் தெரியாது தானே. தம்பிக்கு நடந்தது வேற ஒருத்தருக்கும் நடக்கக்கூடாது."

உடைந்த படகொன்றின் பலகையும் மிஞ்சிய நீலப் பூச்சும் கிடைத்தன. நிமலினி மேலே, 'நீரோட்டம் பலம். குளிக்கவேண்டாம்' என்று எழுதினாள். கீழே ஜெனிஸ்ரன் அதையே ஆங்கிலத்தில் எழுதினான். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நல்லாயிருக்கு," என்றான் அவன்.

நிமலினி தலையைச் சாய்த்து யோசித்தாள். "ரெண்டும் தெரியாத ஆக்கள் வந்தா? வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையள் வந்தா?"

சொற்கள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். தூரிகையை வாங்கினாள். பலகையில் மிச்சமிருந்த இடத்தில் பெரிய அலை ஒன்றை வரைந்தாள். அந்த அலைக்குக் கீழே இரண்டு கால்களை வரைந்தாள். ஓடுகிற கால்கள். அலைக்கு ஒரு கை, அந்தக் கையில் ஒரு சின்ன மனிதன், தலைகீழாக.

ஜெனிஸ்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காலுக்குச் சப்பாத்தும் போடுங்கோ அக்கா! ஓடுற சப்பாத்து!"

சப்பாத்தும் போட்டாள். அன்றைக்கே அப்பா பலகையைக் கல்லுக்கரையில் நட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டின் தெற்கிலிருந்து ஒரு குடும்பம் படகில் வந்து கல்லுக்கரைக்குப் போனது. நிமலினியும் ஜெனிஸ்ரனும் பூவரச மரத்தின் பின்னே நின்று பார்த்தார்கள். பெரியவர்கள் சாப்பாட்டுப் பொதிகளை இறக்குவதிலேயே கவனமாக இருந்தார்கள். பலகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களோடு வந்த சின்னப் பையன் ஒருவன் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினான். இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. நிமலினி மரத்தை விட்டுப் பாய்ந்து வெளியே வந்தாள்.

அதற்குள் அவன் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான். சப்பாத்துப் போட்ட அலையைப் பார்த்தான். தலைகீழாகத் தொங்குகிற மனிதனைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு திரும்பி ஓடிப்போய்த் தகப்பனின் சட்டையை இழுத்தான். சிங்களத்தில் ஏதோ படபடவென்று சொல்லி, பலகையைக் காட்டி, தன் சின்னக் கையின் மேல் இரண்டு விரல்களால் வேகமாக ஓடிக் காட்டினான்.

தகப்பன் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். சிரித்தார். மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, குடும்பத்தையே ஆழமில்லாத மற்றப் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ஜெனிஸ்ரன் நிமலினியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அக்கா, அவன் வாசிச்சிட்டான்!"